நமக்கான நேரலை: தொடங்குவதும் தொடர்வதும்

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. 1920 ஜனவரி 31 அன்று பம்பாயிலிருந்து அண்ணல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ வந்தது. அந்த இதழுக்காகப் பணம் கொடுத்து வெளியிடக் கேட்ட விளம்பரத்தைக்கூட ‘கேசரி’ ஏடு ஏற்க மறுத்தது. பிறருடைய ஏடுகளில் இடம் கேட்டுக் காத்திருப்பதைவிடச் சொந்தமாக ஓர் ஏட்டை நடத்துவதே வழி என்று இம்மூவரும் முடிவெடுத்தார்கள்.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த முடிவின் நியாயம் குறையவில்லை. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, தான் ஆராய்ந்த செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 ஆதிக்கச் சாதியினரிடம் இருப்பதைக் காட்டியது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அப்பொறுப்புகளில் ஒருவர்கூட இல்லை.

மாறியிருப்பது அச்சு எந்திரம் மட்டுமே. இன்று அது நம் சட்டைப்பைக்குள் இருக்கிறது. 2002இல் சித்ரகூடத்தில் அச்சிதழாகத் தொடங்கிய ‘கபர் லஹரியா’வின் கிராமப்புறப் பெண்கள் பின்னர் கைப்பேசிக் காணொலிக்கு மாறினார்கள். 2010களின் தொடக்கத்தில் உருவான ‘தலித் கேமரா’ நம் அறிஞர்களையும் களப்பணியாளர்களையும் வெட்டாமல் பேசவிட்டுப் பதிவுசெய்தது. 2021இல் மீனா கோத்வால் ‘தி மூக்நாயக்’ என்ற பெயரிலேயே இணைய ஊடகம் ஒன்றைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலும் மாவட்டந்தோறும் இளைஞர்கள் ‘லைவ் போடலாமா?’ என்று கேட்கிறார்கள். வன்கொடுமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் அக்கேள்விக்கு என் விடை: போடலாம், போட வேண்டும். ஆனால் நேரலையில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. அச்சொல் ஆதிக்கத்தைக் கேள்வி கேட்கும் சொல்லாக இருக்க வேண்டும். நம் சாட்சியைக் காட்டிக்கொடுக்கும் சொல்லாக ஆகிவிடக் கூடாது. தொடங்குவது, தொடர்வது ஆகிய இரண்டுக்குமான வழிமுறைகள் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் கேள்வி, பிறகு கருவி

நேரலைகள் பெரும்பாலும் கருவி இல்லாமல் நிற்பதில்லை. ஐந்தாம் வாரத்தில் பேசுவதற்குப் பொருள் இல்லாமல் நிற்கின்றன. ஒரு கொடுமை நடந்த நாளில் ஆயிரக்கணக்கானோர் பார்ப்பார்கள். பெரிய தொலைக்காட்சிகளின் வண்டிகளும் அன்று வரும், மூன்றாம் நாள் புறப்பட்டுப் போகும். நாமும் அதே பாதையில் கொடுமையிலிருந்து கொடுமைக்கு ஓடினால், அவர்களைவிடக் குறைந்த வசதியோடு அவர்கள் செய்வதையே செய்பவர்களாவோம்.

நம் நிகழ்ச்சிக்கான நாட்காட்டி ஏற்கெனவே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடிகள் (வன்கொடுமைகள் தடுப்பு) சட்டம், 1989, அதன் 1995ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றில் உள்ள காலக்கெடுக்களைப் பாருங்கள்.

புகார் கொடுத்தவுடன் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். அதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு 18ஏ கூறுகிறது. பாதிக்கப்பட்டவருக்கான நிவாரணத்தை ஏழு நாட்களுக்குள் வழங்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது விதி 12(4). கொலை வழக்கில் உடற்கூறாய்வு முடிந்ததும் நிவாரணத் தொகையில் பாதியும், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டதும் மீதியும் தரப்பட வேண்டும். விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 60 நாட்கள். தாமதமானால் அதற்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை இரண்டு மாதங்களுக்குள் வழக்கு முடிய வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும், முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும்.

ஒவ்வொரு காலக்கெடுவும் ஒரு நிகழ்ச்சி. ‘எட்டாம் நாள்: நிவாரணம் வந்ததா?’ ‘அறுபத்தோராம் நாள்: குற்றப்பத்திரிகை எங்கே?’ ‘மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது? அதன் நடவடிக்கைக் குறிப்பு எங்கே?’ இவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு அனுப்புங்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும். பதில் வந்தால் நேரலையில் வாசியுங்கள். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டு மனுவை வாசியுங்கள். உங்கள் மாவட்டத்தின் நான்கே நான்கு வழக்குகளைத் தேர்ந்து இவ்வாறு பின்தொடர்ந்தாலும் ஓராண்டுக்கான நிகழ்ச்சிகள் கையில் இருக்கும். பார்வையாளர்களும் சட்டத்தைக் கற்றுக்கொள்வார்கள். இன்னொரு காலனியில் இன்னொரு புகார் எழும்போது, காவல் நிலையத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது அங்குள்ளவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஒரே கிழமை, ஒரே நேரம் என்பதும் இத்தோடு சேர்ந்தது. ‘தமிழன்’ புதன்கிழமை வரும் என்று அதன் வாசகர்களுக்குத் தெரியும். வேலை முடிந்து வீடு திரும்பும் நம் மக்களுக்கு இரவு எட்டு மணி பொருந்துமா, ஞாயிறு காலை பொருந்துமா என்று கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். பிறகு பத்துப் பேர் பார்த்தாலும் அந்த நேரத்தை மாற்றாதீர்கள்.

கருவிகள்: தேவையானது குறைவு

ஒரு நல்ல கைப்பேசி, ஒரு டிரைபாட், ஒரு காலர் மைக். தொடங்க இவை போதும். மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். கேட்காத குரலைப் பொறுக்க மாட்டார்கள். எனவே முதல் செலவு மைக்குக்கு ஆகட்டும். சன்னலைப் பார்த்து அமர்ந்தால் பகலில் விளக்கே தேவையில்லை. சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் முகம் இருண்டுவிடும்.

யூடியூபில் கைப்பேசியிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணினி வழியாகச் செய்ய அந்த வரம்பு இல்லை. கைப்பேசி எண்ணைச் சரிபார்த்த பிறகு, முதன்முறை நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே, ஆர்ப்பாட்டத்தன்று காலையில் சேனலைத் திறந்து அன்று மாலையே ஒளிபரப்பலாம் என்று எண்ண வேண்டாம். கணினி இருந்தால் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் போதும். நேரலையை அனுப்பும்போதே ஒரு படியை நம் கணினியிலும் அது சேமித்து வைக்கும். அந்தப் படி ஏன் முக்கியம் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இணையத்தில் பதிவிறக்க வேகத்தைப் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். 720 பிக்சல் தரத்தில் நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.8 ஜிபி செலவாகும். தரத்தை 2.5 மெகாபிட்டாகக் குறைத்தால் அது 1.1 ஜிபி அளவுக்கு இறங்கும். பதிவேற்ற வேகம் நாம் அனுப்புவதைப்போல இரு மடங்காவது இருந்தால் படம் நிற்காது. கிராமங்களில் வேறு நிறுவனத்தின் சிம் அட்டை ஒன்று மாற்றுக்கு இருக்கட்டும். நேரலையின் நடுவே அழைப்பு வந்தால் ஒளிபரப்பு அறுந்துவிடும். அழைப்புகளைத் தடுத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் இரண்டு, மூன்று ஒளிபரப்புகளை ‘தனிப்பட்டது’ என்ற அமைப்பில் வைத்து நண்பர்களுக்கு மட்டும் காட்டிச் சோதியுங்கள்.

யாரைப் பேச வைக்கக் கூடாது

நேரலை செய்யும் தோழர்களோடு எனக்கு அதிகம் முரண்பாடு எழும் இடம் இதுதான். கொடுமை நடந்த வீட்டுக்கு முதலில் செல்பவர்கள் நம்மவர்கள். அழுதுகொண்டிருக்கும் தாயிடம் கேமராவை நீட்டி, “என்னம்மா நடந்துச்சு, முழுசா சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். நோக்கத்தில் குறையில்லை. வழக்கில் அதன் விளைவு வேறு.

அந்தத் தாய் கண்ணால் கண்ட சாட்சியாக இருக்கலாம். பின்னர் அவர் காவல் துறையிடம் வாக்குமூலம் தருவார்; தேவைப்பட்டால் நீதித்துறை நடுவர் முன்பும் தருவார். இறுதியில் நீதிமன்றக் கூண்டில் சொல்வார். அதிர்ச்சியின் உச்சத்தில் நேரலையில் “ஆறு பேர் வந்தாங்க” என்று சொன்னவர் நீதிமன்றத்தில் எட்டுப் பேர் என்று சொன்னால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நம்முடைய காணொலியையே அவர் முன் வைப்பார். சாட்சியின் முந்தைய ஒலிப்பதிவைக் கொண்டு அவரை முரண்படுத்தலாம் என்று வி.வி. கிரியின் குடியரசுத் தலைவர் தேர்தல் வழக்கில் 1970ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. காணொலிக்கும் அதே தர்க்கம் பொருந்தும். குற்றம் சாட்டப்பட்டவர்களின் படத்தை அடையாள அணிவகுப்புக்கு முன்பே ஒளிபரப்பினாலும் இதே சிக்கல்தான். ‘சாட்சி படத்தைப் பார்த்துத்தான் அடையாளம் காட்டினார்’ என்ற வாதத்தை நாமே எதிர்த்தரப்புக்குத் தயாரித்துக் கொடுத்தவர்களாவோம்.

இதனால் அக்குடும்பத்தின் குரல் மறைய வேண்டும் என்று பொருளல்ல. நிகழ்வைப் பற்றிக் கேட்காமல், நிகழ்வுக்குப் பிறகு அரசு என்ன செய்தது என்று கேளுங்கள். எப்போது புகார் கொடுத்தீர்கள்? முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தந்தார்களா? எந்த அதிகாரி வந்தார்? ஊரில் வேலைக்குக் கூப்பிடுகிறார்களா? கடையில் பொருள் தருகிறார்களா? இந்தப் பதில்கள் காவல் துறையையும் வருவாய்த் துறையையும் கூண்டில் நிறுத்தும், சாட்சியத்தை உடைக்காது. நேரில் கண்ட நிகழ்வை அவர் முதலில் தம் வழக்கறிஞரிடமும் நடுவரிடமும் சொல்லட்டும்.

பாலியல் குற்றங்களில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 72, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பெயரைச் சொல்லாவிட்டாலும், அடையாளம் காண உதவும் எந்தத் தகவலையும் வெளியிடக் கூடாது. அவர் இறந்துவிட்டாலும் இதுவே நிலை என்று நிபுண் சக்சேனா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் பிரிவு 23 குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையும் தடுக்கிறது. நேரலையில் ஒரு தெருப்பலகை பின்னணியில் தெரிந்தாலே போதும், சட்டம் மீறப்பட்டுவிடும். மரத்தடியில் நின்று ‘இதுதான் அந்த வீடு’ என்று காட்டுவது செய்தியாகாது. அந்தக் குடும்பத்தின் பாதுகாப்பைக் கலைப்பதாகும். பட்டியல் சாதியினர் பாதிக்கப்பட்ட வழக்குகளில் பிரிவு 15ஏ(8) சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கும் அதிகாரத்தைச் சிறப்பு நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. நீதிமன்றம் மறைத்ததை நாம் வெளிப்படுத்தலாகாது.

பேச ஒப்புக்கொள்பவரிடம் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லுங்கள். இது இப்போதே உலகம் முழுவதும் போகிறது. நாம் நீக்கினாலும் வேறொருவர் சேமித்திருக்கலாம். நாளை இதே ஊரில், இதே வயலில் நீங்கள் வேலை செய்ய வேண்டியிருக்கும். இவற்றைக் கேட்ட பிறகும் அவர் பேசுவேன் என்றால், அது அவருடைய அரசியல் முடிவு. அதற்குத் தலைவணங்குங்கள். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள்.

சொல்லும் சட்டமும்

தீர்ப்பு வரும்வரை ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றே சொல்லுங்கள். இதை ஆதிக்கச் சாதியினருக்குக் காட்டும் சலுகையாக நினைக்க வேண்டாம். நம் மீது அவதூறு வழக்கு பாயாமல் காக்கும் கவசம் இது. அவதூறு இன்று நியாய சன்ஹிதாவின் பிரிவு 356இல் இருக்கிறது. பொது நன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை அதில் விதிவிலக்கு. ஆனால் அது உண்மை என்று நாம் நிறுவ வேண்டும். ஆகவே ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் கையில் ஒரு தாள் இருக்கட்டும்: புகார் ரசீது, முதல் தகவல் அறிக்கை, தகவல் உரிமைப் பதில். அதிகாரியிடம் முன்கூட்டியே கேள்விகளை அனுப்புங்கள். அவர் பதில் தராவிட்டால், எந்த நாளில் எந்த நேரத்தில் கேட்டோம் என்பதை ஒளிபரப்பில் சொல்லுங்கள்.

2018ஆம் ஆண்டின் ஸ்வப்னில் திரிபாதி தீர்ப்புக்குப் பிறகு உச்ச நீதிமன்றமும் பல உயர் நீதிமன்றங்களும் விசாரணைகளை நேரலையாகக் காட்டுகின்றன. அவற்றை அனுமதியின்றிப் பதிவுசெய்து மறுஒளிபரப்பக் கூடாது. பார்த்துக் குறிப்பெடுத்து, நிகழ்ச்சியில் விளக்குங்கள். வன்கொடுமை வழக்கு நடவடிக்கைகள் காணொலியாகப் பதிவாக வேண்டும் என்று பிரிவு 15ஏ(10) சொல்வதும் நீதிமன்றப் பயன்பாட்டுக்காகவே. ஆனால் ‘உங்கள் மாவட்டச் சிறப்பு நீதிமன்றத்தில் அந்தப் பதிவு நடக்கிறதா?’ என்று கேட்பது அருமையான ஒரு நிகழ்ச்சிப் பொருள்.

அரட்டைப் பெட்டியில் வரும் சாதி

‘தமிழன்’ இதழில் பண்டிதர் வாசகர்களின் ஐயங்களுக்கு விடையளித்தார். நேரலையின் அரட்டைப் பெட்டி அதன் வாரிசு. நம் நிகழ்ச்சியின் உயிர்ப்பு அங்கேதான் இருக்கிறது. சாதி வெறியும் முதலில் அங்கேதான் நுழையும்.

நெறியாளர் தனி ஆள், அரட்டையைக் கவனிப்பவர் தனி ஆள் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். யூடியூபின் தடைச்சொல் பட்டியலில் சாதி வசைகளைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் எல்லா வடிவங்களிலும் சேர்த்து வையுங்கள். ஒருவர் எத்தனை நொடிக்கு ஒரு முறை எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் வசதியும், சந்தாதாரர் மட்டும் எழுதலாம் என்ற வசதியும் உண்டு. ஒளிபரப்பை 30 அல்லது 60 நொடிகள் தாமதப்படுத்தவும் முடியும். தொலைபேசி இணைப்பில் பார்வையாளர்களைப் பேச அழைக்கும் நிகழ்ச்சியில் அந்தத் தாமதம் அவசியம். பெண் தோழர்கள் நெறியாளராக அமரும்போது தாக்குதல் இரட்டிப்பாகும். அரட்டையை அவர்கள் கண்முன்னால் ஓடவிடாமல், தேர்ந்தெடுத்த கேள்விகளை மட்டும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

வசையை நீக்குவதற்கு முன் பதிவுசெய்யுங்கள். திரைப்பிடிப்பில் கணக்கின் பெயர், இணைப்பு முகவரி, நாள், நேரம் தெரிய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகியவை ‘பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயரால் வசைபாடுவதையும் குற்றமாக்குகின்றன. இணையத்தில் பதிவேற்றப்பட்டதும் பொதுப் பார்வைக்கு உட்பட்டதே என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அதே வேளையில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்பதாலேயே எல்லா அவமதிப்பும் இச்சட்டத்தின் கீழ் வராது, சாதி அடையாளத்தின் பொருட்டு இழிவுபடுத்தும் நோக்கம் தெரிய வேண்டும் என்று ஷாஜன் ஸ்கரியா வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, ‘திட்டினார்’ என்று மட்டும் புகார் எழுதினால் போதாது. எந்தச் சொல், எந்தச் சூழலில், யாரை நோக்கி என்பதை அப்படியே எழுதுங்கள். அண்ணல் அம்பேத்கரைப் போல நம் மக்கள் உயர்வாகப் போற்றும் மறைந்த தலைவர்களை இழிவுபடுத்துவதற்குப் பிரிவு 3(1)(வி) தனியாக இருக்கிறது.

பதிவே ஆவணம்

ஆர்ப்பாட்டத்தில் தடியடி, குடிசை எரிப்பு, கோயில் நுழைவைத் தடுத்தல் ஆகியவற்றை நாம் நேரலையில் காட்டும்போது, அறியாமலேயே சாட்சியம் ஒன்றை உருவாக்குகிறோம். அது நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்பதை அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. புதிய சட்டத்தின் சான்றிதழ்ப் படிவம் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஹாஷ் மதிப்பு என்பது கோப்பின் கைரேகை. ஒரு நொடியை வெட்டினாலும் அது மாறிவிடும்.

எனவே முக்கியமான ஒளிபரப்பு முடிந்த அன்றே, மூலக் கோப்பை எந்தத் திருத்தமும் செய்யாமல் இரண்டு வன்தட்டுகளில் சேமியுங்கள். ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். எந்தக் கைப்பேசி, யார் இயக்கினார், எங்கே, எப்போது என்பதை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். யூடியூபில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 12 மணி நேரத்துக்குக் குறைவான நேரலைகளை அத்தளம் தானாகச் சேமிக்கும்; ஆனால் கூட்டமாகப் புகார் அளித்துச் சேனலை முடக்குவது சாதி அமைப்புகள் அறிந்த உத்தி. சமூக நெறி மீறல் என்ற முதல் தண்டனைக்கு ஒரு வாரம் எதையும் பதிவேற்ற முடியாது. 90 நாட்களுக்குள் மூன்று தண்டனைகள் விழுந்தால் சேனலே நீக்கப்படும். பதிப்புரிமைக்கும் இதே போன்ற மூன்று தண்டனைகள் உண்டு. கூட்டத்தின் பின்னணியில் ஒலிபெருக்கியில் ஓடும் திரைப்பாடலுக்குக்கூட உரிமை கோரப்படலாம். ஒளிபரப்பின்போது அதை நிறுத்தச் சொல்லுங்கள். சேனலின் நிர்வாக உரிமை குறைந்தது இருவரிடம், இரட்டைச் சரிபார்ப்போடு இருக்கட்டும்.

பணம்

‘மூக்நாயக்’குக்குக் கோலாப்பூர் மன்னர் ஷாகு மகாராஜ் 2,500 ரூபாய் அளித்தார். ஆயினும் அவ்விதழ் 1923இல் நின்றது. ‘தமிழன்’ பின்னாட்களில் மீண்டும் எழுந்தது கோலார் தங்கவயலிலிருந்து. சுரங்கத் தொழிலாளர்களின் அந்த நகரமே அதற்கு மண்ணாயிற்று. ஒரு புரவலரின் பெரும் தொகையைவிடப் பலரின் சிறு தொகை நீடிக்கும் என்பது இந்த வரலாறு தரும் பாடம்.

யூடியூபின் விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நீண்ட காணொலிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடும், சூப்பர் சாட், உறுப்பினர் கட்டணம் ஆகியவற்றில் 70 விழுக்காடும் நமக்கு வரும். ஆனால் வன்முறை, சாதி போன்ற சொற்கள் வரும் காணொலிகளுக்கு விளம்பரம் குறைவு. அந்த வருவாயை நம்பி நிகழ்ச்சியின் பொருளை மாற்றத் தொடங்கினால், நாம் ஏன் தொடங்கினோம் என்பதே மறந்துவிடும். மாதம் 50 ரூபாய் தரும் 100 பேர் இருந்தால் 5,000 ரூபாய். இணையக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் அது போதும். மாதந்தோறும் வரவு செலவை நேரலையிலேயே வாசியுங்கள். கணக்கு கேட்கும் இயக்கம் கணக்கு காட்டவும் வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010இன் பிரிவு 3, மின்னணு வழியில் செய்தியோ நடப்பு நிகழ்வோ தயாரித்து ஒளிபரப்புவோர் வெளிநாட்டுப் பங்களிப்பு பெறுவதையே தடை செய்கிறது. வேறொரு நாட்டின் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் அன்போடு அனுப்பும் தொகையும் இதில் சிக்கலாம். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் உழைப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு வகை. பணம் வருவதற்கு முன் ஒரு கணக்காயரிடம் கேளுங்கள். நம்மை ஒடுக்க நினைப்பவர்களுக்கு நம் வங்கிக் கணக்கு எளிய வாசலாகிவிடக் கூடாது.

தொடர்வது என்பது

ஒருவர் தனியாக நடத்தும் நேரலை அவருடைய உடல்நலத்தோடு சேர்ந்து நின்றுவிடும். ஒருவர் நெறியாளர், ஒருவர் அரட்டை, ஒருவர் கருவியும் பதிவேடும், ஒருவர் வழக்குக் கோப்புகளும் தகவல் உரிமை மனுக்களும் என நான்கு பேர் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொறுப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் கொடுமைகளைப் பற்றியே பேசுவது பேசுபவரையும் உடைக்கும். மாதத்தில் ஒரு வாரத்தை நூல், வரலாறு, கலை, நம் ஊரின் வெற்றி ஒன்றுக்கு ஒதுக்குங்கள். ஒரு வாரம் ஓய்வு தேவையானால் முன்பே அறிவித்துவிட்டு எடுங்கள், சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். ‘மூக்நாயக்’ நின்ற பின் 1927இல் ‘பகிஷ்கிருத பாரத்’, 1930இல் ‘ஜனதா’, 1956இல் ‘பிரபுத்த பாரத்’ என்று அண்ணல் வேறு வேறு பெயர்களில் மீண்டும் மீண்டும் தொடங்கினார். நின்றுபோனால் திரும்பத் தொடங்குவதும் தொடர்ச்சியே.

2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே கண்ணகியும் முருகேசனும் கொல்லப்பட்டார்கள். வழக்கு சிபிஐக்குப் போயிற்று. கடலூர் சிறப்பு நீதிமன்றம் காவல் அதிகாரிகள் இருவர் உட்பட 13 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது 2021 செப்டம்பரில். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025 ஏப்ரலில். சட்டம் சொல்லும் 60 நாட்களும் இரண்டு மாதங்களும் நடைமுறையில் 22 ஆண்டுகளாயின. அந்த நெடிய காலத்தில் அக்குடும்பம் எத்தனை முறை நீதிமன்றப் படிகளில் ஏறியிருக்கும், அவற்றில் எத்தனை நாட்கள் கேமராக்கள் அங்கே இருந்திருக்கும்?

அடுத்த கண்ணகி–முருகேசன் வழக்கின் ஒவ்வொரு வாய்தாவுக்கும், கேமரா இல்லாத அந்த நாட்களில், யாரேனும் ஒருவர் வர வேண்டும். சாட்சியின் முகத்தைக் காட்டாமல், அரசின் பொறுப்பின்மையைக் காட்டியபடி, அதே கிழமையில், அதே நேரத்தில். நேரலை தொடங்க நினைக்கும் தோழர்கள் தங்கள் மாவட்டச் சிறப்பு நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு, முதல் நான்கு வழக்குகளின் அடுத்த வாய்தா நாளை எழுதி வைத்துக்கொள்ளட்டும். முதல் நிகழ்ச்சியின் தலைப்பு அதிலேயே இருக்கிறது.